கடல் விலங்குச் செயற்றிட்டம்: தரம் 4 பிள்ளைக்கு எதைக் கொடுப்பது?

கேள்வி | ஜூன் 3, காலை

மகள் தரம் 4. சுற்றாடல் பாடத்துக்கு "ஒரு கடல் விலங்கு" பற்றிச் செயற்றிட்டம் செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கினம். மூன்று கிழமை இருக்கு. அவளுக்கு டொல்பின் பிடிக்கும். இணையத்தில் தேடி எடுத்து, படங்களை பிரிண்ட் போட்டு, பிரிஸ்டல் போர்ட்டில் ஒட்டிக் கொடுத்தால் போதாதா? வகுப்பில் ஏழெட்டுப் பேர் டொல்பின்தானாம். வெள்ளவத்தையில் இருக்கிறம், கடல் கூப்பிடு தூரம். டீச்சர்மார், கடல் பற்றித் தெரிந்த ஆக்கள் ஆராவது சொல்லுங்கோ.

ஜூன் 3, இரவு

போதாது. அப்படிச் செய்தால் தேடுவது நீங்கள், தெரிவது நீங்கள், வெட்டி ஒட்டுவதும் நீங்கள். பிள்ளைக்கு மிஞ்சுவது மூலையில் பெயர் எழுதுகிற வேலை.

டொல்பினில் பிழையில்லை. ஆனால் அதைப் பற்றி ஒன்பது வயதுப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கக்கூடியது கொழும்பில் எதுவும் இல்லை. தொட முடியாது, அளக்க முடியாது, திரும்பப் போய்ப் பார்க்க முடியாது. எழுதுவதெல்லாம் இன்னொருவர் எழுதியதன் பிரதியாகத்தான் இருக்கும். விலங்கைத் தெரிய முதல் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: இதையோ இதன் ஒரு பாகத்தையோ பிள்ளை கையில் வைத்து அடிமட்டத்தால் அளக்கலாமா? அளக்கலாம் என்றால் எடுங்கள்.

உங்கள் சந்தையிலேயே கணவாய், இறால், நண்டு, சூடை, பாரை, அறக்குளா எல்லாம் வரும். அடுத்தது, விலங்கு மட்டும் தலைப்பாகாது. தலைப்பு ஒரு கேள்வியாக இருக்கவேண்டும். "நண்டு" என்று போட்டால் பத்து வரி எழுதி நின்றுவிடும். "நண்டின் கடைசிச் சோடிக் கால் ஏன் துடுப்பு மாதிரித் தட்டையாக இருக்கு?" என்று போட்டால் பிள்ளை பத்துக் காலையும் ஒவ்வொன்றாகப் பார்க்கும், வரையும், அளக்கும். "இன்றைக்குச் சந்தைக்கு வந்த நண்டில் ஆண் கூடவா பெண் கூடவா?" என்பதும் நல்ல கேள்வி. வயிற்றுப்பக்க மூடி ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். கடைக்காரரைப் புரட்டிக் காட்டச் சொல்லிப் பத்துப் பன்னிரண்டு நண்டுக்குக் கோடு போட்டு எண்ணலாம். கொடுக்குக் கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டொல்பின்தான் வேண்டும் என்று பிள்ளை ஒற்றைக்காலில் நின்றால் அதற்கும் வழி உண்டு. "டொல்பின் ஏன் மீன் இல்லை?" என்று தலைப்பை மாற்றுங்கள். ஒரு முழுப் பாரையை வாங்கி மேசையில் வைத்து, பூ (மீன் மூச்சுவிடும் செவுள்), செதில், வால் மூன்றையும் பிள்ளை கையால் தொட்டு வரையட்டும். பக்கத்தில் டொல்பின் படத்தை வைத்து, இல்லாததை எல்லாம் குறிக்கட்டும். பாதி வேலையாவது கண்ணால் கண்டதாக இருக்கும்.

ஜூன் 4

திமிங்கிலம், டொல்பின் படம் சரியா பிழையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டவருக்கு: வாலைப் பாருங்கள். மீனின் வால் நிமிர்ந்து நிற்கும், இடம் வலமாக ஆடும். திமிங்கிலம், டொல்பின், கடற்பசு மூன்றின் வாலும் தட்டு மாதிரிப் படுத்திருக்கும், மேலும் கீழுமாக ஆடும். கண்காட்சிகளில் மீன் வால் வைத்த திமிங்கிலங்கள் வருவதற்குக் காரணம் பிள்ளைகள் இல்லை, அவர்களுக்குக் கொடுக்கும் கார்ட்டூன் படங்கள்.

கடற்பசு செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். மன்னார்க் குடாவிலும் பாக்கு நீரிணைப் பக்கமும் இருப்பது, நம் மீனவர் ஆவுளியா என்கிற இனம். அதன் வால் திமிங்கில வால் மாதிரி நடுவில் பிளந்திருக்கும். இணையத்தில் தேடினால் முன்னுக்கு வருவது பெரும்பாலும் அமெரிக்கக் கரைகளில் வாழும் மனாட்டி. அதன் வால் வட்டமான அகப்பை மாதிரி. முகம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரிவதால் ஆளை மாற்றி ஒட்டிவிடுகிறார்கள். வட்ட வால் கண்டால் அந்தப் படம் வேண்டாம்.

திமிங்கிலத்தின் தலையில் தண்ணீர் ஊற்றுக் கீறுவதையும் நிற்பாட்டுங்கள். அது மூச்சு. வெளியே வரும் ஈரக்காற்றும் நுண்துளிகளும்தான் தூரத்திலிருந்து புகை மாதிரித் தெரிகின்றன.

ஜூன் 5

கேள்வி கேட்ட தாய் வீட்டில் கணவாய் எடுக்கலாம் என்று முடிவாம். நல்லது. முதலில் கணவாய் ஓட்டில் தொடங்குங்கள். மணமில்லை, இரத்தமில்லை, மேசையில் நாள்க்கணக்காக வைத்துப் பார்க்கலாம்.

சந்தையில் கணவாய் என்று இரண்டைச் சொல்வார்கள். உடல் அகலமாக, உள்ளே வெள்ளை ஓடு இருப்பது ஓட்டுக் கணவாய். நீண்டு ஒடுங்கி, உள்ளே கண்ணாடி மாதிரி மெல்லிய தகடு இருப்பது ஊசிக் கணவாய். சிங்களம் பேசும் வியாபாரியிடம் "தெல்லோ" என்று கேட்டால் ஊசிக் கணவாய்தான் வரும். ஆகவே பெயரை நம்பாமல் கையால் அழுத்திப் பாருங்கள். முதுகில் பலகை மாதிரித் தட்டுப்பட்டால் ஓட்டுக் கணவாய். சுத்தம் பண்ணும் மேசையில் ஓட்டைச் சும்மாவே தருவார்கள். இல்லாவிட்டால் கூண்டுக் குருவிகளுக்குத் தீன் விற்கும் கடையில் வாங்கலாம். பச்சையாக வாங்கியதை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவையுங்கள், காலையும் மாலையும் நீர் மாற்றி. பிறகு மூன்று நாலு நாள் வெயில். இப்போது மழைக்காலம் என்பதால் ஐந்தாறு நாள் எடுக்கும். அவசரப்பட்டு ஈரத்தோடு போர்டில் ஒட்டினால் வகுப்பு முழுக்க மணக்கும்.

பிள்ளை செய்ய வேண்டியவை. நீளம், அகலம், நடுத்தடிப்பு மூன்றையும் அளக்கட்டும். சமையல் தராசில் நிறுக்கட்டும். ஒரு பேசினில் தண்ணீர் விட்டு மிதக்கவிட்டு, நீர் மட்டம் நிற்கும் இடத்தைப் பென்சிலால் சுற்றிவரக் குறிக்கட்டும். பெரும்பகுதி தண்ணீருக்கு மேலேதான் நிற்கும், அதுதான் முதல் ஆச்சரியம். உப்புத் தண்ணீரிலும் செய்து ஒப்பிடலாம்: ஒரு லீற்றருக்கு 35 கிராம் உப்பு, அதாவது மட்டமாக இரண்டு மேசைக்கரண்டி.

பிறகு பாண் வெட்டும் கத்தியால் குறுக்கே அறுத்து (இது பெரியவர் வேலை) கைவில்லையால் பார்க்கச் சொல்லுங்கள். அடுக்கு அடுக்காக மாடிவீடு மாதிரி இருக்கும், மாடிகளுக்கு நடுவே நுண்ணிய தூண்கள். உயிரோடு இருக்கும்போது அந்த அறைகளில் வாயுவும் நீரும் இருக்கும். நீரைக் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் தன் மிதப்பைச் சரிசெய்கிறது.

கடைசியாக வினாகிரிச் சோதனை. ஓட்டுத் தூள் ஒரு தேக்கரண்டி, முட்டைக் கோதுத் தூள் ஒரு தேக்கரண்டி, காய்ந்த கோழி எலும்பைச் சுரண்டிய தூள் ஒரு தேக்கரண்டி, மூன்றையும் மூன்று சிறு கிளாஸில் போட்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி. ஓடும் கோதும் நுரைத்துப் பொங்கும், எலும்பில் கொஞ்சக் குமிழிதான் வரும். அதனால் கணவாயின் முதுகில் இருப்பது எலும்பு இல்லை, சிப்பியையும் சங்கையும் போன்ற சுண்ணாம்பு ஓடு. இதைப் புத்தகம் சொல்லாமல் பிள்ளையே சொல்லும்.

ஒரு சிக்கல் உண்டு. எந்தக் காய்ந்த தூளை நனைத்தாலும் உள்ளே இருந்த காற்றுக் குமிழியாக வரும். பிள்ளை அதையும் எண்ணிவிடும். ஆகவே இன்னும் மூன்று கிளாஸில் அதே தூள்களைப் போட்டு வெறும் தண்ணீர் விடுங்கள். தண்ணீரில் வந்தது காற்று, வினாகிரியில் மட்டும் வந்ததுதான் கணக்கு.

ஜூன் 6

நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம். நன்னீரிலும் உப்புநீரிலும் ஓடு மிதப்பதை ஒப்பிடச் சொன்னேன். அது வேண்டாம். கடல்நீரின் அடர்த்தி நன்னீரை விட இரண்டரை வீதம்தான் கூட. ஓடு ஒரு சென்றிமீற்றர் அமிழ்ந்தால் வித்தியாசம் கால் மில்லிமீற்றர். அடிமட்டத்தில் அதைக் காண முடியாது. "வித்தியாசம் தெரியவில்லை" என்று பிள்ளை எழுதினால் அது நேர்மையான முடிவுதான். ஆனால் அருகில் நிற்கும் பெரியவர் "கடலில் கூட மிதக்கும் என்று எழுது" என்பார். பிள்ளை கண்டதை அழித்துவிட்டுக் கேட்டதை எழுதப் பழகும். அந்தப் பழக்கத்தைத் தரம் 4 இல் தொடக்கிவைக்க வேண்டாம்.

ஜூன் 6, மாலை

"அப்படியென்றால் முட்டையைப் போடலாமே, கடல்நீரில் முட்டை மிதக்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மிதக்காது. புது முட்டை கடல்நீரில் தாழும். முட்டையை மிதக்கவைக்க லீற்றருக்கு 120 கிராமுக்குக் குறையாமல் உப்பு வேண்டும், கடலில் இருப்பது ஏறத்தாழ 35.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், பிள்ளைகளுக்கான பரிசோதனைக் குறிப்புகளில் "இரண்டு மேசைக்கரண்டி உப்பு" என்று இருக்கும், ஆனால் ஒரு கிளாஸ் தண்ணீருக்கு. கடல்நீர் செய்யவும் அதே இரண்டு மேசைக்கரண்டிதான், ஆனால் ஒரு லீற்றருக்கு. நாலு மடங்கு வித்தியாசம். இதையே செயற்றிட்டமாக எடுக்கலாம்: ஒரு லீற்றரில் ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்து, எத்தனையாவது கரண்டியில் முட்டை எழும்புகிறது என்று எண்ணி, இரண்டாவது கரண்டியில் "இது நம் கடல்" என்று கோடு போடுவது. ஒவ்வொரு முறையும் உப்பு முழுக்கக் கரையும்வரை கலக்கவேண்டும். பழைய முட்டைக்குள் காற்று கூட, அது முந்தி மிதந்துவிடும். அன்று வாங்கிய முட்டையாக எடுங்கள்.

ஜூன் 8

மச்சம் புழங்காத வீட்டில் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். முழுக் கணவாய் வாங்கத் தேவையில்லை, குருவிக் கடை ஓடு போதும். அதுவும் வேண்டாம் என்றால் பிளாஸ்டிக்கை எடுங்கள். கொழும்புப் பிள்ளைக்கு அதை விடப் பக்கத்தில் இருக்கும் கடல் விடயம் இல்லை.

2021 மே 20 இல் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் தீப்பிடித்து, ஜூன் 2 இல் அது தாழத் தொடங்கியது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் குறுணி அதில் இருந்தது. பருப்பளவு வெள்ளை மணிகள் மேற்குக் கரை முழுக்க ஒதுங்கின. அதைத் தொடர்ந்த கிழமைகளில் இறந்த ஆமைகளும் கரை சேர்ந்தன. இன்று தரம் 4 இல் இருக்கும் பிள்ளைக்கு அது நினைவிருக்காது, வீட்டில் எல்லாருக்கும் நினைவிருக்கும். பிள்ளை வீட்டாரிடம் கேட்டு எழுதுவதற்கு இது நல்ல இடம்.

கேள்வி: எந்தப் பிளாஸ்டிக் மிதக்கும், எது தாழும்? மேலே வந்து மூச்சுவிடும் ஆமைக்கு எது முன்னால் வரும், அடியில் மேயும் விலங்குக்கு எது? தண்ணீர்ப் போத்தலின் மூடி, போத்தலின் உடல், ஷொப்பிங் பை, யோகட் கப், சவர்க்காரத் திரவப் போத்தல், எல்லாவற்றையும் இரண்டு சென்றிமீற்றர்ச் சதுரமாக வெட்டுங்கள். அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 2, 4, 5 மிதக்கும். 1, 6 தாழும். ஒரே போத்தலில் மூடி மிதந்து உடல் தாழ்வதைப் பிள்ளை எதிர்பார்க்காது.

பிழைக்கும் இடம்: துண்டில் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டால் தாழ வேண்டியதும் மிதக்கும். தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, ஒவ்வொரு துண்டையும் கரண்டியால் முழுக்க அமிழ்த்தி விட்டுப் பாருங்கள். நுரைத்த ரிஜிபோம் துண்டு மிதக்கும், அதன் இலக்கம் 6 ஆக இருந்தாலும். உள்ளே காற்று நிறைந்திருப்பதுதான் காரணம். இந்த விலக்கைப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்துக் கேட்டால் செயற்றிட்டம் வெற்றி.

கடற்குப்பை பற்றிய செயற்றிட்டத்தை ரிஜிபோம் பலகையில் ஒட்டிக் கொண்டுபோக வேண்டாம்.

ஜூன் 10

திமிங்கிலத்தின் தோலுக்குக் கீழே உள்ள கொழுப்பு எப்படிக் குளிரைத் தடுக்கிறது என்று காட்டும் சோதனையைக் கேட்டவர்களுக்கு அளவுகள். ஸிப் வைத்த இரண்டு பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, நடுவே 500 கிராம் மாஜரீனைப் பரப்புங்கள், தடிப்பு எங்கும் ஒன்றரை, இரண்டு சென்றிமீற்றர் இருக்கவேண்டும். இன்னொரு சோடிப் பையில் எதுவும் வேண்டாம், காற்றையும் அழுத்தி எடுத்துவிடுங்கள். காற்று மிஞ்சினால் அதுவே குளிரைத் தடுத்துவிடும், முடிவு பிழைக்கும். இரண்டையும் ஐஸ் தண்ணீருக்குள் இறக்கி, உள்ளே வெப்பமானி வைத்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் வாசியுங்கள். கையை விட்டுப் பார்ப்பது விளையாட்டுக்கு நல்லது; "குளிருது, குளிரேல்ல" என்பது அளவீடு இல்லை. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது, அது 35 பாகைக்குக் கீழே காட்டாது. மீன்தொட்டிச் சாமான் கடையில் விற்கும் வெப்பமானி மலிவு, போதும்.

ஜூன் 11

மேலே எழுதியதை இரவு யோசித்தேன். சோதனை சரி, அதிலிருந்து பிள்ளை எடுக்கும் முடிவு நம் கடலுக்குச் சரியா? மிரிஸ்ஸவுக்கு வெளியே நவம்பர் முதல் ஏப்ரல் வரை நீலத் திமிங்கிலம் காண்கிறோமே, அங்கே கடல் மேற்பரப்பு 28 பாகை அளவில் இருக்கும். ஐஸ் எங்கே? இந்தச் சோதனை குளிர்க்கடல் நாடுகளின் பாடத்திட்டத்திலிருந்து வந்தது. நம் பிள்ளை "திமிங்கிலம் பனிக்கட்டிக்குள் வாழ்கிறது" என்று எழுதி முடிக்கும்.

ஆகவே இரண்டு வரி சேருங்கள். ஒன்று, தண்ணீர் காற்றை விட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை எடுக்கும், ஆழம் போகப் போகக் குளிரும், அதனால் வெப்பக் கடலிலும் கொழுப்பு தேவை. இரண்டு, கொழுப்பு சேமித்த சாப்பாடும்கூட. இந்த இரண்டாவதைத்தான் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள்.

உணவைப் பற்றியும் ஒன்று. எல்லாப் புத்தகத்திலும் "நீலத் திமிங்கிலம் கிரில் தின்னும்" என்று இருக்கும். கிரில் என்பது இறால் மாதிரி ஒரு சிறு உயிர். இலங்கைக் கடலில் அவற்றின் மலத்தை ஆராய்ந்தபோது கிடைத்தது பெரும்பாலும் வேறொரு சிறு இறால் குடும்பம். நம் பிள்ளை நம் திமிங்கிலத்தைப் பற்றி எழுதும்போது "சிறு இறால் வகைகள்" என்று எழுதட்டும். மலத்தை ஆராய்ந்து சாப்பாட்டைக் கண்டுபிடிக்கலாம் என்பதைச் சொன்னால் வகுப்பே விழுந்து சிரிக்கும், பிறகு மறக்காது.

"இதயம் கார் அளவு" என்பதை எழுத வேண்டாம். 2014 இல் கனடாவில் கரையொதுங்கிய நீலத் திமிங்கிலத்தின் இதயத்தை எடுத்துப் பதப்படுத்தி நிறுத்தார்கள், ஏறத்தாழ 180 கிலோ. அதுவே போதுமான வியப்பு, இரண்டு மூன்று பெரிய ஆட்களின் நிறை.

ஜூன் 12

அளவுப் படம். பிரிஸ்டல் போர்ட் ஏறத்தாழ 56க்கு 71 சென்றிமீற்றர். 1 சென்றிமீற்றர் = 1 மீற்றர் என்று வைத்தால் 25 மீற்றர் நீலத் திமிங்கிலம் 25 சென்றிமீற்றர். கீழே வரிசையாக: காலி வீதியில் ஓடும் பெரிய பஸ் 11 சென்றிமீற்றர், கடற்பசு 3, சுழல் டொல்பின் 2, பிள்ளை 1.3. பிள்ளை தன்னைத்தானே வெட்டி ஒட்டவேண்டும், அதுதான் இதில் இனிப்பான இடம். முகம் கீற இடம் இருக்காது, பரவாயில்லை.

மைதானம் இருந்தால் 25 மீற்றர் நைலோன் கயிற்றில் மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டு விரிக்கலாம். முடிச்சுப் போடப் போடக் கயிறு குறையும், ஆகவே 27 மீற்றர் வாங்குங்கள். முடிச்சுகளை முன்னமே எண்ணிப் போடாமல், ஒவ்வொன்றையும் போட்டபின் அடுத்ததை அளக்கவேண்டும்.

ஜூன் 13

போர்ட் வேலை, சுருக்கமாக. தலைப்பு எழுத்து 5 சென்றிமீற்றர், உள்ளெழுத்து ஒன்றரை. அதற்குக் குறைந்தால் பின்வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு வாசிக்க முடியாது. இந்த அளவில் பன்னிரண்டு பதினைந்து வசனம்தான் கொள்ளும், அது நல்லதே. தண்ணீர்ப் பசை போட்டால் தாள் சுருங்கும், குச்சிப் பசை பாவியுங்கள். இங்க்ஜெட்டில் எடுத்த படம் இந்த ஈரக்காற்றிலும் மழைத்துளியிலும் கசியும். போட்டோகொப்பிக் கடையில் லேசர் பிரிண்ட் கேளுங்கள். சுருட்டும்போது எழுத்து வெளிப்பக்கம் இருக்கச் சுருட்டினால் விரித்ததும் மடங்கி எழும்பாது.

எழுத மூன்று நிறப் பேனை கொடுங்கள். பச்சை: கண்ணால் கண்டது. நீலம்: ஒருவரிடம் கேட்டது. கறுப்பு: வாசித்தது. போர்டைத் தூர நின்று பார்த்தாலே எவ்வளவு பிள்ளையின் வேலை என்று தெரிந்துவிடும். முழுக்கக் கறுப்பாக இருந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் சந்தைக்குப் போகவேண்டியதுதான்.

காகிதக்கூழ் ஆமை செய்கிறவருக்கு: ஒரு கப் கோதுமை மாவுக்கு மூன்று கப் தண்ணீர், காய்ச்சிக் கூழாக்கி ஒரு மேசைக்கரண்டி உப்பு. பலூன் மேல் ஒரு நாளைக்கு இரண்டு படைதான். அவசரத்தில் ஐந்தாறு படை ஒட்டினால் உள்ளே காயாது, மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும். இரவில் பலூன் சுருங்கி ஓடு உள்வாங்கும், முதல் இரண்டு படை மொறுமொறுப்பாகக் காயும்வரை மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். எந்த ஆமை என்று முதலே முடிவெடுங்கள். இலங்கைக் கரையில் ஐந்து இனம் முட்டையிடுகின்றன. அழுங்காமைக்கு ஓடுகள் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், வாய் கிளிமூக்கு. ஏழுவரி ஆமைக்குச் செதிலோடே இல்லை, தோல் மூடிய முதுகில் நீட்டுக்கு ஏழு வரம்பு. வட்டப் பச்சை ஓட்டில் அறுகோணம் கீறினால் அது எந்த ஆமையும் இல்லை.

முட்டைக்குப் பிங்பொங் பந்து வைக்கலாம், அளவு கிட்டத்தட்டச் சரி. ஆனால் "உண்மை முட்டையின் கோது மெத்தென்று தோல் மாதிரி இருக்கும்" என்று பக்கத்தில் எழுதுங்கள்.

ஜூன் 15

கடற்கரைக்குக் கூட்டிப்போகலாமா? இப்போது வேண்டாம். தென்மேல் பருவக்காற்றில் நம் பக்கக் கடல் கொந்தளிப்பு, கரைக் கற்கள் பாசி பிடித்து வழுக்கும். பிறநாட்டுப் புத்தகத்தில் உள்ள "கடல் வற்றும் நேரத்தில் பாறைக்குட்டைகளைப் பாருங்கள்" என்பதும் இங்கே பொருந்தாது. கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில் மீன்காட்சிக் கூடம் உண்டு, தேசிய நூதனசாலை வளவில் இயற்கை வரலாற்று நூதனசாலை உண்டு, மழைநாளுக்கு அவை நல்லது. ஒரே ஒரு விலங்கின் முன்னால் இருபது நிமிடம் நின்று வரையட்டும், எல்லாவற்றையும் ஓடிப் பார்த்தால் எதுவும் மிஞ்சாது.

கரையில் ஒதுங்கிய சொறியை (ஜெலிமீனை) தொடவிட வேண்டாம், செத்தபிறகும் கொட்டும். உயிருள்ள சங்கு, சோகியைக் கையில் எடுக்க வேண்டாம். கூம்பு வடிவச் சங்கில் கொல்லும் நஞ்சுள்ள இனங்கள் இருக்கின்றன. பவளத் துண்டு, ஆமை ஓடு இரண்டும் போர்டில் வரக்கூடாது, சட்டம் காக்கும் உயிர்கள் அவை.

ஜூன் 16

ஊசிக் கணவாயை வெட்டிப் பார்த்தவர் "பத்துக் கை இருக்கு, எட்டு என்றல்லவா படித்தோம்" என்கிறார். எட்டு, சாக்குக் கணவாய்க்கு, அதாவது ஒக்டோபசுக்கு. ஊசிக் கணவாய்க்கும் ஓட்டுக் கணவாய்க்கும் எட்டுக் கையோடு, இரை பிடிக்கும் நீண்ட உணர்கொம்பு இரண்டு கூட. மூன்று இதயம் எல்லாருக்கும் பொது. ஆனால் மூன்றையும் காட்டுகிறேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். பூவின் அடியில் உள்ள இரண்டும் சிறிது, வெளிறியவை, சந்தைக் கணவாயில் பெரும்பாலும் நசிந்திருக்கும். நிச்சயமாகக் காட்டக்கூடியவை: இரண்டு பூ, வெள்ளிநிற மைப்பை, கிளிச்சொண்டு மாதிரி அலகு, கண்ணுக்குள் கண்ணாடிமணி போன்ற வில்லை, முதுகுத் தகடு.

அடிப்பக்கத்தை, குழல் இருக்கும் பக்கத்தை, கத்தரிக்கோலால் நேராக வெட்டுங்கள். நுனியை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்து வெட்டாவிட்டால் மைப்பை கிழிந்து எல்லாம் கறுத்துவிடும். மையை ஒரு கரண்டியில் எடுத்து நாலைந்து துளி தண்ணீர் விட்டு, முதுகுத் தகட்டையே பேனையாக்கி அதில் தொட்டுப் பெயர் எழுதலாம். கணவாயின் பேனையால் கணவாயின் மையில் எழுதிய தலைப்பை எந்தப் பிரிண்டரும் தராது. இறால், கணவாய் ஒவ்வாத பிள்ளைக்குத் தொடுவதே அரிப்பைத் தரலாம், முதலில் கேளுங்கள்.

ஜூன் 21

கேள்வி கேட்ட தாய் இன்று எழுதியிருக்கிறா: ஓட்டுச் சோதனை முடிந்ததாம், வினாகிரி பொங்கியதை மகள் நாலுதரம் செய்து பார்த்தாளாம். இப்போது அவள் கேட்பது, "சிப்பிக்கும் சங்குக்கும் ஓடு வெளியில இருக்கு, கணவாய்க்கு ஏன் உள்ளுக்க?" வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லையாம்.

இந்தக் கேள்விக்குத்தான் மூன்று கிழமையும். கணவாய் மீன் இல்லை. சிப்பி, சங்கு, நத்தை எல்லாவற்றுக்கும் உறவு. அதன் மூதாதையருக்கு ஓடு வெளியே இருந்தது. வெளி ஓடு காவல், ஆனால் பாரம். வேகமாக நீந்தி இரை பிடிக்கும் வழிக்குப் போன கூட்டத்தில் ஓடு மெல்ல உடலுக்குள் போனது. ஓட்டுக் கணவாயில் அது மிதவையாக மிஞ்சியது. ஊசிக் கணவாயில் சுண்ணாம்பும் போய் மெல்லிய தகடாக நின்றது. ஒக்டோபசில் கிட்டத்தட்ட முழுக்க இல்லாமல் போனது, அதனால்தான் அது சிறு பொந்துக்குள்ளும் உடலை ஒடுக்கிப் புகும்.

ஐந்தாம் திகதிக் குறிப்பில் ஓட்டுக் கணவாயின் ஓட்டைப் பற்றி மட்டுமே சொன்னேன், அதை மாற்றுகிறேன். போர்டின் நடுவில் நாலு கட்டம் கீறுங்கள். முதல் கட்டத்தில் ஒரு மட்டிச் சிப்பி. இரண்டாவதில் ஓட்டுக் கணவாயின் ஓடு. மூன்றாவதில் ஊசிக் கணவாயின் தகடு. அதைக் கழுவி, பழைய கொப்பிக்குள் அழுத்தி இரண்டு நாள் காயவிடுங்கள், இல்லாவிட்டால் சுருண்டுவிடும். நாலாவது கட்டத்துக்குமேல் "ஒக்டோபஸ்" என்று பெயரை மட்டும் எழுதி உள்ளே வெறுமையாக விடச் சொல்லுங்கள். அது ஏன் வெறுமை என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். அதற்கு அவளே பதில் சொல்லட்டும்.